ஜிப்ஸி 1.3 இஞ்சினை கார்ப்பரேட்டரிலிருந்து இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றுவது எப்படி

மதுரையில் அருமையாக ஓடும் கார்ப்பரேட்டர் வண்டி கொடைக்கானல் போய்ச் சேரும்போது கரும்புகை விடும். இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல், அங்கே 2,100 மீட்டர் உயரத்தில் 78. காற்று மெலிந்துவிடுகிறது, பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளை அப்படியே இருக்கிறது. பங்க்கில் கிடைக்கும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) இதற்கு நேர் எதிர்த் தொல்லை. எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இ20-க்குச் சுமார் 13.5 போதும். பழைய ஜெட்டில் அதை ஊற்றினால் கலவை லீன் ஆகி, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல், இஞ்சின் ஹீட் ஏறும். இரண்டையும் சமாளிக்க, சென்சார்களைப் பார்த்து கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன்தான் வழி.

இந்த வழிமுறை பழைய ஜிப்ஸியின் 1298 சிசி, 8 வால்வு ஜி13பிஏ இஞ்சினைப் போட்டுக் கட்டிய சிறு கார்களுக்கானது. மற்ற நாலு சிலிண்டர் இஞ்சின்களுக்கும் வேலை பெரும்பாலும் இதேதான். பதிவு பெற்ற வண்டியென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்கே வரும். ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு முடிவு செய்தபின் ஸ்பேனரை எடுங்கள்.

மேனிஃபோல்டும் இன்ஜெக்டரும்

பின்னால் வந்த எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் வைத்த) ஜிப்ஸியின் இன்டேக் மேனிஃபோல்டை வாங்கி மாட்டிவிடலாம் என்று பலர் காசை விடுகிறார்கள். அது 16 வால்வு ஹெட்டுக்கானது, இதில் உட்காராது. இருக்கிற மேனிஃபோல்டையே கழற்றி, ஒவ்வொரு ரன்னரிலும் (சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயிலும்) இன்ஜெக்டர் உட்கார அலுமினிய பாஸ் என்னும் குமிழ் வைத்து டிக் வெல்டிங் செய்ய வேண்டும். தெளிப்பு இன்டேக் வால்வின் முதுகில் விழும்படி சாய்வு இருக்கட்டும். ரன்னர் சுவரில் அடித்தால் பிக்கப் மந்தமாகும். வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் வளையும். நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் புதூர் சிட்கோவிலோ கப்பலூரிலோ மில்லிங் போட்டு வாங்குங்கள். இதைத் தவிர்த்தால் கேஸ்கெட் வழியே ஏர் பிடிக்கும், ஐட்லிங் என்றைக்கும் சீராக நிற்காது.

கார்ப்பரேட்டர் இருந்த இடத்தில் அடாப்டர் தகடு வைத்து, 40 முதல் 45 மில்லிமீட்டர் த்ராட்டில் பாடி. த்ராட்டில் சென்சாரும் ஐடில் வால்வும் சேர்ந்தே வருவதாகப் பழைய சாமான் கடையில் தேடுங்கள். ஐடில் வால்வு இரண்டு ஒயரா நாலு ஒயரா என்பதை முதலில் பார்த்து, அதற்கு ஏற்ற இசியுவை (இன்ஜெக்டரையும் பொறியையும் இயக்கும் கம்ப்யூட்டரை) வாங்க வேண்டும்.

80 குதிரைத்திறன் வரை நிமிடத்துக்கு 130 சிசி இன்ஜெக்டரே கணக்குக்குப் போதும். 160 முதல் 200 வரை எடுத்தால் நிம்மதி. மின்தடை 12 முதல் 16 ஓம் இருக்கட்டும். பழைய இன்ஜெக்டர் என்றால் கிளீனிங் மெஷினில் போட்டு நாலு கண்ணாடிக் குழாயையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். 200 சிசி இன்ஜெக்டர் முழுதாகத் திறந்து 30 விநாடியில் 100 மில்லி நிரப்ப வேண்டும். ஒன்று 100, இன்னொன்று 90 என்று நின்றால் அந்த 90-ஐப் போடாதீர்கள். எக்ஸாஸ்டில் ஒரே ஒரு ஆக்சிஜன் சென்சார்தான். அது நாலின் சராசரியைச் சொல்லும், பெட்ரோல் போதாமல் காயும் சிலிண்டரைக் காட்டிக்கொடுக்காது.

பெட்ரோல் லைன்

கார்ப்பரேட்டருக்கு 0.3 பார் போதும், இங்கே 3 பார். அதனால் பழைய ஹோஸ், பிளாஸ்டிக் ஃபில்டர், சாதாரண கிளாம்ப் மூன்றும் கழிவுதான். ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் இ20-ஐயும் தாங்கும். துளை வெட்டிய கிளாம்ப் ஹோஸை அறுக்கும். உள்பக்கம் வழுவழுப்பான இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் கேட்டு வாங்குங்கள். வெளியே மாட்டும் பம்ப் நன்றாகத் தள்ளும், உறிஞ்சத் தெரியாது. டேங்க்குக்குக் கீழே வையுங்கள். டேங்க்கில் தடுப்பு இல்லையென்றால் வளைவில் பம்ப் காற்றைக் குடிக்கும், பம்ப்புக்கு எப்போதும் பெட்ரோல் தேக்கி வைக்கும் ஒன்றரை லிட்டர் ஸ்விர்ல் பாட் தேவை. டேங்க்குக்கு ரிட்டர்ன் லைன் கட்டாயம். சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கும்போது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயில் குழாயில் பெட்ரோல் சூடாகித் தேங்காமல் சுற்றிக்கொண்டே இருக்க அதுதான் உதவும். பழைய மெக்கானிக்கல் பம்ப் இருந்த துளையைத் தகடு வைத்து மூடுங்கள்.

ரெயிலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் கேஜ் 3 பார் காட்ட வேண்டும். மாட்டி ஐட்லிங்கில் விட்டால் 2.4 அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லையா, ஹோஸ் தப்பான இடத்தில் இருக்கிறது. பம்ப்பை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். பேப்பர் ஈரமானால் செல்ஃப் அடிக்கவே கூடாது.

டிரிகர் வீல்

மாற்றி மாட்டியும் ஓடாத வண்டிகளில் மேப்பைத்தான் (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று இசியுவில் இருக்கும் அட்டவணையைத்தான்) எல்லோரும் திட்டுகிறார்கள். பிழை அநேகமாக இங்கேதான் இருக்கும். கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை இசியு இந்த வீலின் பல்லை எண்ணித்தான் அறிகிறது. 36 பல்லில் ஒன்றை நீக்கிய 3 மில்லிமீட்டர் இரும்பு வீலை கிராங்க் புல்லியின் ஹப்பில் பொருத்துங்கள். ரப்பர் டேம்பர் புல்லியென்றால் வெளி வளையம் நாளடைவில் நழுவும், அதோடு டைமிங்கும் நழுவும். சென்சார் இடைவெளி 0.8 முதல் 1 மில்லிமீட்டர். பிராக்கெட் இஞ்சின் பிளாக்கில் கெட்டியாக நிற்கட்டும். மெல்லிய தகட்டில் வைத்தால் 4,000 ஆர்பிஎம் தாண்டியதும் அது அதிரும், இசியு பல்லை எண்ணத் தவறும், மிஸ்ஸிங் வரும். சென்சார் ஒயரின் ஷீல்டை இசியு பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு ஒயரும் மாறிப்போனால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நகரும். டைமிங் லைட் அடித்தால்தான் இது தெரியும்.

டெல்கோவை (டிஸ்ட்ரிபியூட்டரை) கழற்றிவிட்டு 1-4, 2-3 என்று ஜோடியாகப் பொறி தரும் காயிலுக்கு மாறிவிடுங்கள். ரெசிஸ்டர் பிளக் கட்டாயம். இல்லையென்றால் பொறியின் இரைச்சலில் இசியு ரீசெட் ஆகும்.

வயரிங்

இசியுவின் பவர் எர்த் நேராக சிலிண்டர் ஹெட்டுக்குப் போகட்டும். சென்சார் எர்த் தனி ஒயரில் இசியுவுக்கே திரும்ப வேண்டும். அதை பாடியில் கட்டினால் ஹெட்லைட் போட்டதும் கூலன்ட் ரீடிங் குதிக்கும். பம்ப்புக்குத் தனி ரிலே, 15 ஆம்ப் ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். இஞ்சின் நின்றதும் பம்ப்பும் நிற்க வேண்டும். இது விபத்தில் தீயைத் தடுக்கும் விஷயம், சுவிட்ச் வைத்து ஏமாற்றாதீர்கள். லைட், ஃபேன் எல்லாம் போட்டு ஐட்லிங்கில் 13.5 வோல்ட் இல்லையென்றால் ஆல்டர்னேட்டரை மாற்றுங்கள்.

மேப்

இசியு மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ எதுவானாலும் வரிசை இதுதான். முதலில் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்து ஆர்பிஎம் சீராக வருகிறதா என்று பாருங்கள். அடுத்து டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, புல்லிக் குறியோடு லைட் அடித்து ஒத்துப்போகும்வரை டிரிகர் கோணத்தைத் திருத்துங்கள். அதன்பிறகே பெட்ரோல்.

கலவையின் இலக்கை லாம்டாவில் வையுங்கள், 14.7 என்ற எண்ணில் வைக்காதீர்கள். அந்தப் பெட்ரோலுக்கு வேண்டிய காற்று சரியாகக் கிடைத்தால் லாம்டா 1, பெட்ரோல் கூடினால் 1-க்குக் கீழே. எந்த பங்க்கில் போட்டாலும் லாம்டா 1 அதே 1 தான். சீரான ஓட்டத்தில் 1, முழு த்ராட்டிலில் 0.86 முதல் 0.88. எக்ஸாஸ்டில் லாம்டாவை அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரைக் கீழே தொங்கவிடாமல் கிடைமட்டத்துக்கு மேலே பத்து டிகிரியாவது சாய்த்து மாட்டுங்கள், தண்ணீர் பட்டால் விரிசல் விடும். ஆக்சிலரேட்டர் அமுக்கும்போது கூடுதல் பெட்ரோல் தரும் பகுதியைக் கடைசியில் தொடுங்கள். அடி மேப் சரியாகும்முன் அதைத் திருகினால் ஒரு தப்பு இன்னொன்றை மறைக்கும். காற்று வெப்ப சென்சார் ஏர் கிளீனர் குழாயில் இருக்கட்டும். மேனிஃபோல்டு உலோகத்தில் பதித்தால் நிறுத்தி எடுக்கும்போது அது உலோகத்தின் சூட்டைத்தான் சொல்லும், கலவை லீன் ஆகி வண்டி திணறும்.

கோல்ட் ஸ்டார்ட் (குளிர்ந்த இஞ்சினை எடுக்கும்) மேப்பை மார்கழியிலும் மதுரையில் முடிக்க முடியாது, இங்கே அவ்வளவு குளிர் இல்லை. கொடைக்கானலில் ஒரு இரவு வண்டியை நிறுத்தி, விடிகாலையில் லேப்டாப்பை மாட்டித்தான் செய்ய வேண்டும். வத்தலக்குண்டு தாண்டி ஏறும்போது ஒரு கவனம்: பல இசியுக்கள் சாவி போடும் நொடியில் மட்டுமே வெளிக்காற்றழுத்தத்தைப் படிக்கும். ஏற்றத்தின் நடுவே ஓரமாக நிறுத்தி, ஒருமுறை ஆஃப் செய்து போடுங்கள், அல்லது இரண்டாவது பிரஷர் சென்சார் மாட்டுங்கள். திரும்பி வந்ததும் எல்லா கிளாம்ப்பையும் டிஷ்யூ பேப்பர் வைத்து இன்னொரு முறை பாருங்கள்.