பிளகின் நன்றாகத்தான் இருக்கிறது, தேடினால்தான் கிடைப்பதில்லை

குறிப்பெடுக்கும் செயலியில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்தான் பிளகின். நான் எழுதிய முதல் பிளகினுக்கு ‘மின்மினி’ என்று பெயர் வைத்தேன். பல குறிப்புகளில் சிதறிக் கிடக்கும் முடிக்காத வேலைகளை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டும். இருட்டில் அங்கங்கே மினுக்குவதைப் பிடித்துத் தருகிறதாம்! பெயரில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. ஆனால் தேடல் பெட்டியில் ‘மின்மினி’ என்று தட்ட யாருக்கும் காரணமில்லை. ‘வேலைப் பட்டியல்’ என்று தேடியவர்களுக்கோ அது வரவே இல்லை, ஏனென்றால் அறிமுக வரியிலும் அந்தச் சொல்லை நான் எழுதவில்லை.

தேடுகிறவருக்கு உங்கள் பிளகினைத் தெரியாது. அவருடைய தொல்லை மட்டும்தான் தெரியும். இதை மறந்துவிட்டுப் பெயர் வைப்பதுதான் முதல் தவறு. ஆப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் செயலியில் அதிகம் பேர் பயன்படுத்தும் பிளகின்களைப் பாருங்கள்: கேலண்டர், டாஸ்க்ஸ், கான்பான் (வேலைகளை நிலைவாரியாக அடுக்கும் பலகை). பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. எக்ஸ்காலிட்ரா மாதிரி விதிவிலக்கும் உண்டு, ஆனால் அந்த வரைபலகை ஏற்கெனவே தனியாகப் பிரபலமானது. அந்த வசதி நமக்கு இல்லை. அப்புறம், பெயரில் மென்பொருளின் பெயரையும் சேர்க்காதீர்கள். ஆப்சிடியனுக்குள் தேடுகிறவருக்கு ‘ஆப்சிடியன்’ என்ற சொல் எதையும் பிரித்துக் காட்டாது. ஆப்சிடியனின் விதிகளும் அதை ஏற்பதில்லை.

அடுத்தது அறிமுக வரி. அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். ஆப்சிடியனில் 2,000-க்கும் மேற்பட்ட பிளகின்கள் இருக்கின்றன. செயலிக்குள் தேடும்போது பெயர், எழுதியவர், அறிமுக வரி ஆகிய மூன்றில்தான் சொல் பொருந்த வேண்டும். ரீட்மீயில், அதாவது பிளகினோடு வரும் விளக்கக் கோப்பில், பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம், பிளகினைத் திறந்த பிறகுதான் கண்ணில் படும். அந்த வரிக்கு 250 எழுத்துகள்தான் இடம். அதில் “இது ஒரு பிளகின்” என்று ஆரம்பித்தால் தெரிந்ததையே சொல்லி இடத்தை அடைக்கிறீர்கள். “உங்கள் குறிப்பெடுக்கும் அனுபவத்தை மேம்படுத்தும்” என்பது அதைவிட மோசம், எந்தப் பிளகினுக்கும் ஒட்டலாம். “எல்லாக் குறிப்புகளிலும் உள்ள முடிக்காத வேலைகளைத் தேதி வாரியாக ஒரே பட்டியலில் காட்டும்” என்று எழுதினால் தேடலிலும் சிக்கும், படித்தவுடன் புரியும்.

ஒரே விஷயத்தை ஒருவர் டாஸ்க் என்பார், இன்னொருவர் டூடூ என்பார், மூன்றாமவர் செக்லிஸ்ட் என்பார். எல்லாவற்றையும் வரியில் திணித்தால் படிக்கச் சகிக்காது. இரண்டு சொற்கள் இயல்பாக வந்தால் போதும். ஜாப்லின் என்ற இன்னொரு குறிப்பெடுக்கும் செயலியில் இதற்கென்றே, பிளகினின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் குறிச்சொற்களுக்கும் வகைகளுக்கும் தனி இடம் உண்டு. மாதிரிக் கோப்பில் அது காலியாக இருந்தது என்பதற்காக அப்படியே விட்டுவிடாதீர்கள்.

சில தவறுகள் சுத்தமாகத் தொழில்நுட்பம் சார்ந்தவை. ஜாப்லின் பிளகின் என்பிஎம் என்ற நிரல் தொகுப்புக் களஞ்சியம் வழியாகத்தான் பட்டியலுக்குப் போகிறது. தொகுப்பின் பெயர் ‘ஜாப்லின்-பிளகின்-’ என்ற முன்னொட்டோடு தொடங்க வேண்டும், அதற்கான குறிச்சொல்லும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியல் அதைக் கண்டுகொள்ளாது. ஆப்சிடியனில், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் விடும் வெளியீட்டின் டேகும் (அடையாளப் பெயரும்) மேனிஃபெஸ்ட்டில் உள்ள பதிப்பு எண்ணும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும்: 1.2.0 என்றால் 1.2.0 மட்டும், முன்னால் ‘வி’ கூடாது. கணினிக்கு மட்டும் உரிய வசதி எதையும் பயன்படுத்தாமலே, எதற்கும் இருக்கட்டும் என்று ‘டெஸ்க்டாப் மட்டும்’ என்று குறித்து வைப்பவர்களும் உண்டு. மொபைலில் குறிப்பெடுக்கிற அத்தனை பேரும் அதோடு போச்சு.

சரி, ஒருவர் கண்டுபிடித்துத் திறந்தே விட்டார். ரீட்மீயின் முதல் திரையில் அவர் பார்ப்பது சோர்ஸிலிருந்து பில்டு செய்யும் முறை! அது நிரல் எழுதுகிறவர்களுக்கானது, கடைசிக்குப் போகட்டும். மேலே ஒரு படம் வையுங்கள், வேலை நடப்பது தெரிகிற மாதிரி. பழைய பதிப்பின் படத்தை மாற்றாமல் விடுவதும் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

பதிவிறக்க எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால் புதிய பிளகின் அடியில்தான் கிடக்கும். அதற்காக, ‘அண்மையில் புதுப்பித்தவை’ வரிசையில் மேலே வர, ஒன்றுமே மாற்றாமல் வாரா வாரம் புதுப் பதிப்பு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அடிக்கடி வரும் வெற்று அப்டேட் ஏற்கெனவே நம்பி வைத்திருப்பவர்களைத்தான் எரிச்சல்படுத்தும்.

பெயரைப் பிறகும் மாற்றலாம். அடையாளக் குறியீட்டை, அதாவது ஐடியை, மாற்றாதீர்கள். மாற்றினால் அது வேறொரு பிளகினாகிவிடும், நிறுவியிருந்தவர்களுக்கு அப்டேட் போகாது. என் பிளகினின் பெயர் இப்போது ‘சிதறிய வேலைகள்’. ஐடி மாறாததால், பயனர்களின் கோப்புறைக்குள் மட்டும் அது இன்னும் ‘மின்மினி’தான்.