இலக்கு சிகிச்சை: மாத்திரைக்கு முன்னும் பின்னும் நடக்கும் தவறுகள்

"அப்பாவுக்கும் நுரையீரல் புற்றுநோய், பக்கத்து வீட்டு அங்கிளுக்கும் அதேதான். அவர் மாத்திரை சாப்பிட்டே நடமாடுகிறார், அப்பாவுக்கு மட்டும் ஏன் கீமோ?" கோலாலம்பூரிலும் பினாங்கிலும் புற்றுநோய்ப் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. நோய் எந்த உறுப்பில் என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. கட்டியின் செல்லுக்குள் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த மரபணுவையோ அது உண்டாக்கும் புரதத்தையோ குறிவைத்துத் தாக்குவதுதான் இலக்கு சிகிச்சை. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப், ஹெர்2 புரதம் மிகுந்த மார்பகக் கட்டிகளுக்கான மருந்து. 2001இல் வந்த இமாட்டினிப், பிசிஆர்-ஏபிஎல் மரபணுவால் உண்டாகும் நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. அதன்பின் வந்தவற்றுக்கும் அதே விதிதான்: இலக்கு இருந்தால்தான் மருந்து பிடிக்கும். தவறுகளில் ஒரு பகுதி இலக்கைத் தேடும்போது நடக்கிறது, மறுபகுதி மருந்து வீட்டுக்கு வந்த பிறகு நடக்கிறது.

அவசரம்தான் முதல் தவறு

அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய் வந்த கிழக்காசிய நோயாளிகளில் நூற்றுக்கு 40 முதல் 50 பேரிடம் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருக்கிறது. மேற்கத்திய நாடுகளில் 10 முதல் 15 பேரிடம்தான். இந்திய வம்சாவளியினர் இரண்டுக்கும் இடையில் வருகிறார்கள். புகைபிடிக்காத பெண்களிடம் இந்த மாற்றம் இன்னும் அதிகம். ஆகவே மலேசியாவில் இந்த நோயோடு வரும் ஒருவருக்கு மரபணு ரிப்போர்ட் பார்க்காமல் சிகிச்சை தொடங்குவது இருட்டில் துழாவுவது மாதிரிதான்.

ஆனாலும் நடக்கிறது. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றதும் குடும்பம் பதறுகிறது. காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் கையில் இருக்கிறது, உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் நரம்பு வழி மருந்தான இம்யூனோதெரபியை இன்றைக்கே ஏற்றிவிடலாம் என்று முடிவாகிவிடுகிறது. இதில் இரட்டை நஷ்டம். ஈஜிஎஃப்ஆர் அல்லது ஏஎல்கே மரபணுவில் மாற்றம் உள்ள கட்டிகளுக்கு இம்யூனோதெரபி மட்டும் கொடுத்தால் பலன் குறைவு. போதாததற்கு, அந்த மருந்தின் வேலை மாதக்கணக்கில் உடம்பில் நீடிக்கும். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இம்யூனோதெரபி முடிந்து மூன்று மாதத்துக்குள் ஈஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான மாத்திரையான ஒசிமெர்டினிப்பைத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது. நுரையீரல் அழற்சி அதில் முக்கியமானது. முதலில் ஒசிமெர்டினிப், பிறகு இம்யூனோதெரபி என்று போனவர்களிடம் அது தென்படவில்லை. மருந்துகள் அதேதான், வரிசைதான் வேறு.

மூச்சுத்திணறல் அதிகமாகி, காத்திருக்கவே முடியாது என்றால்? இம்யூனோதெரபி சேர்க்காமல் ஒரு சுற்று கீமோவை மட்டும் தொடங்கிவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பது பல மருத்துவர்கள் கையாளும் வழி. "ரிப்போர்ட் வரும்வரை எதைக் கொடுத்தால் பின்னால் இடைஞ்சல் வராது?" என்று கேட்டுவிடுங்கள்.

திசுத் துண்டு தீர்ந்துபோவது

பயாப்சியில் எடுத்த திசு, மெழுகில் பதித்த சிறு கட்டியாக ஆய்வகத்தில் இருக்கும். 'பிளாக்' என்பார்கள். ஊசியால் எடுத்த நுரையீரல் திசு நூல் மாதிரிதான் இருக்கும். அதைச் சீவிச் சீவி ஒவ்வொரு சாயச் சோதனையாகச் செய்தால், மரபணுச் சோதனை என்று வரும்போது மிச்சம் ஒன்றும் இருக்காது. மறுபடியும் பயாப்சி, மறுபடியும் வாரக்கணக்கில் காத்திருப்பு. முதல் பயாப்சிக்கு முன்பே "மரபணுச் சோதனைக்கும் சேர்த்துத் திசு எடுங்கள்" என்று சொல்லிவைப்பது நல்லது. எலும்பிலிருந்து எடுப்பதானால் இன்னொரு சிக்கல்: சுண்ணாம்பைக் கரைக்கக் கடும் அமிலம் போட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும். வேறு இடத்தில் கட்டி இருந்தால் அங்கே எடுப்பதே மேல்.

பினாங்கிலிருந்து இரண்டாவது கருத்துக் கேட்கக் கோலாலம்பூர் போகிறவர்களும், அங்கிருந்து வடக்கே வருகிறவர்களும் ஸ்கேன் சிடியையும் ரிப்போர்ட் நகலையும்தான் எடுத்துப் போகிறார்கள். பிளாக்கையோ, சாயம் போடாத ஸ்லைடுகளையோ கேட்டு வாங்க வேண்டும். அதற்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், சில நாள் ஆகும். பயணத் தேதிக்கு முன்பே கேளுங்கள்.

திசு போதவில்லை என்றால் இரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவைத் தேடும் 'லிக்விட் பயாப்சி' உண்டு. அதில் மாற்றம் தெரிந்தால் பெரும்பாலும் நம்பி மருந்து தொடங்கலாம். தெரியவில்லை என்றால் மாற்றமே இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு. கட்டி சிறியதாகவோ அடங்கியோ இருந்தால் இரத்தத்தில் டிஎன்ஏவைக் கொட்டாது. அப்போது திசுவுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

பழைய ரிப்போர்ட்டே இறுதித் தீர்ப்பு என நினைப்பது

மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 அளவை 0, 1+, 2+, 3+ என்று எழுதுவார்கள். 3+ பாசிட்டிவ். 2+ என்றால் மரபணுப் பிரதிகளை எண்ணும் ஃபிஷ் போன்ற இன்னொரு சோதனை செய்துதான் முடிவு சொல்ல வேண்டும். அதைச் செய்யாமலேயே 2+ ரிப்போர்ட்டைக் கோப்பில் வைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். 1+ என்றால் முன்பெல்லாம் நெகட்டிவ், கதை முடிந்தது. 2022இல், டிராஸ்டுசுமாப்போடு கீமோ மருந்தை இணைத்த டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகானின் ஆய்வு முடிவு வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. 1+ உள்ளவர்களும், 2+ வந்து ஃபிஷ் நெகட்டிவ் ஆனவர்களும் 'ஹெர்2 குறைவு' என்ற தனிப் பிரிவு. நோய் பரவிய நிலையில் அவர்களுக்கும் இந்த மருந்து பலன் தருகிறது. ஆகவே ரிப்போர்ட்டில் "நெகட்டிவ்" என்ற சொல்லோடு நிற்காமல் அந்த எண்ணைப் பாருங்கள்.

கட்டியில் செய்த சோதனையே குடும்பத்துக்கும் பொருந்தும் என்று நினைப்பதும் சரியல்ல. மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ மரபணுவின் மாற்றம் கட்டியில் தெரிந்தால், அது பிறவியிலேயே வந்ததா என்று இரத்தத்திலோ உமிழ்நீரிலோ தனியாகப் பார்க்க வேண்டும். பிறவியில் வந்தது என்றால் அக்கா, தங்கை, மகள், மகன் எல்லோருக்கும் அதில் சேதி உண்டு. ரிப்போர்ட்டில் "பொருள் தெளிவாகாத மாற்றம்" என்று வந்தால் அதை வைத்து மார்பகத்தையோ சினைப்பையையோ எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். உலக மரபணுத் தரவுகளில் ஐரோப்பியர்களே அதிகம் என்பதால் நம்மவர்களுக்கு இப்படித் தெளிவில்லாத முடிவு கூடுதலாகவே வரும். மரபணு ஆலோசகரிடம் பேசிவிட்டுத்தான் அடுத்த அடி.

மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு

நரம்பில் ஏற்றும் மருந்தைத் தாதி பார்த்துக்கொள்கிறார். மாத்திரையை யார் பார்ப்பது? இங்கேதான் அதிகத் தவறுகள்.

சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஈஜிஎஃப்ஆர் மாத்திரையான எர்லோடினிப்பை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ விழுங்க வேண்டும். மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்ட கையோடு விழுங்கினால், சுமார் 60 சதவீதம் உடம்பில் சேரும் மருந்து கிட்டத்தட்ட முழுதாகச் சேரும். வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும் கூடும். நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கான நிலோட்டினிப்பில் இது இன்னும் ஆபத்து. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுத்தால் இரத்தத்தில் மருந்து 80 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்து இதயத் துடிப்பைக் குலைக்கலாம். முன்னால் இரண்டு மணி நேரமும் பின்னால் ஒரு மணி நேரமும் வயிறு காலியாக இருக்க வேண்டும். அதே நோய்க்குக் கொடுக்கும் இமாட்டினிப்பையோ சாப்பாட்டோடு, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டிக்கொண்டு வரும். ஒசிமெர்டினிப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, எப்போதும் எடுக்கலாம். பக்கத்து வீட்டு அங்கிளின் பழக்கத்தை அப்படியே பின்பற்ற முடியாது என்பது இதனால்தான்.

அடுத்தது கேஸ்ட்ரிக் மாத்திரை. நம் வீடுகளில் ஒமிப்ரசோல் இல்லாத அலமாரி குறைவு. எர்லோடினிப் கரைய வயிற்று அமிலம் வேண்டும். ஒமிப்ரசோலோடு சேர்த்தால் உடம்பில் சேரும் மருந்து ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே வகை மாத்திரையான ஜெஃபிட்டினிப்பும் அமிலம் குறைந்தால் சரியாகச் சேராது. ஸ்கேனில் கட்டி வளர்ந்திருப்பது தெரிந்து மருந்து தோற்றுவிட்டது என்று மாற்றுவதற்கு முன், வீட்டில் வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

பழம் என்றால் நல்லதுதானே என்பார்கள். கிரேப்ஃப்ரூட்டும் பம்ப்ளிமாஸும் விதிவிலக்கு. சீனப் புத்தாண்டுக்கு வரும் லிமாவ் பாலி, ஈப்போ பக்கம் தம்பூனில் காரை நிறுத்தி வாங்கும் அதே பழம், குடலில் சிப்3ஏ4 என்ற நொதியை முடக்கும். நிலோட்டினிப், மார்பகப் புற்றுநோய்க்கான பால்போசிக்ளிப், ரைபோசிக்ளிப், பிஆர்சிஏ மாற்றத்துக்கான ஓலாபாரிப் போன்றவை அந்த நொதியால்தான் சிதைகின்றன. அது முடங்கினால் மருந்து இரத்தத்தில் தேங்கும். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்தாலும் பயனில்லை. முடங்கிய நொதி மறுபடி உருவாக ஒரு நாளுக்கும் மேல் ஆகும். சமையலில் போடும் மஞ்சளுக்கு யாரும் தடை சொல்வதில்லை. மிளகுச் சாறு சேர்த்த செறிவான குர்குமின் கேப்சூலால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு, அதை நிறுத்த வேண்டும். பெலாலாய் காஜா மூலிகை, டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலைக் கஷாயம் இரண்டும் மனிதர்களின் புற்றுநோயைக் குணமாக்கியதற்கு ஆதாரம் கிடையாது. குடிக்கிறீர்கள் என்றால் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கல்லீரல் எண்கள் ஏறும்போது அவர் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும்.

தைப்பூச விரதம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். சைவச் சாப்பாட்டால் எந்த மருந்துக்கும் கெடுதல் இல்லை. ஒருவேளைச் சாப்பாடு என்று இருக்கும்போது மாத்திரையைத் தள்ளிப்போடுவதும் விட்டுவிடுவதும்தான் பிரச்சினை. இமாட்டினிப் எடுத்தவர்களிடம் 2010இல் வெளியான ஆய்வில், மருந்தின் 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களில் 94.5 சதவீதத்தினர் ஆறு ஆண்டில் இரத்தத்தில் நோயின் மரபணுத் தடம் மிகக் குறைந்த நிலையை எட்டினார்கள். அதற்குக் குறைந்தவர்களில் எட்டியது 28.4 சதவீதம். மாதத்தில் மூன்று நாள் விட்டாலே 90 சதவீதம்தான். பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ அலகு குத்தும் நேர்த்திக்கடன் இருந்தால், முதலில் இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். பால்குடம் எடுத்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது. பால்போசிக்ளிப், ரைபோசிக்ளிப் 21 நாள் எடுத்து 7 நாள் நிறுத்த வேண்டியவை. ஓய்வு வாரத்திலும் விழுங்கினால் வெள்ளணுக்கள் மீள நேரமிருக்காது.

பக்கவிளைவைத் தப்பாகப் படிப்பது

ஈஜிஎஃப்ஆர் மாத்திரையால் முகத்தில் பரு மாதிரி தடிப்பு வரும். அது பருவும் அல்ல, ஒவ்வாமையும் அல்ல. பரு கிரீம் தோலை இன்னும் உலர்த்தும். வேப்பிலை அரைத்துப் பூசினால் எரியும். மணமில்லாத ஈரப்பதக் கிரீம், வெயிலில் போனால் எஸ்பிஎஃப் 30 கிரீம், தேவைப்பட்டால் மருத்துவர் எழுதும் டாக்சிசைக்ளின் போதும்.

இருமலை இப்படி எளிதாக விடக்கூடாது. புகைமூட்டக் காலத்தில் எல்லோரும்தான் இருமுகிறார்கள் என்று இரண்டு வாரம் தேன் குடித்தபடி இருந்தால் போச்சு. ஒசிமெர்டினிப்போ டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகானோ எடுப்பவருக்குப் புதிதாக வறட்டு இருமலோ, படியேறும்போது மூச்சிரைப்போ வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழையுங்கள். நுரையீரல் அழற்சி உயிரைக் குடிக்கும். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பனடோல் போட்டு மறைத்துவிட்டு டெங்கியா என்று நாளை பார்ப்போம் என்பதும் வேண்டாம். ஹெர்2 மருந்தில் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதய எக்கோவைத் தவறவிடக்கூடாது.

இதில் ஒன்று நம் குடும்பங்களுக்கே உரியது: "அம்மாவிடம் நோயின் பேரைச் சொல்ல வேண்டாம் டாக்டர்." பாசத்தால் வருவதுதான். ஆனால் சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தால், வாந்தி வந்த அன்றே அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். இருமலையும் பெரிதாகச் சொல்ல மாட்டார்.

மருந்து பிடி தளரும்போது

பெரும்பாலும் என்றாவது கட்டி மருந்தை எதிர்த்து நிற்கத் தொடங்கும். எர்லோடினிப், ஜெஃபிட்டினிப் போன்ற முதல் தலைமுறை ஈஜிஎஃப்ஆர் மாத்திரைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு டி790எம் என்ற புதிய மாற்றம்தான் காரணம். அதற்கு ஒசிமெர்டினிப் இருக்கிறது. ஒசிமெர்டினிப்பே தளர்ந்தால் காரணம் பல, சிலரிடம் கட்டியே சிறுசெல் என்ற வேறு வகை நுரையீரல் புற்றுநோயாக மாறியிருக்கும். அதனால் மறுபடி திசுவோ இரத்தமோ சோதிக்காமல் அடுத்த மருந்துக்குத் தாவக்கூடாது. கோபத்தில் நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. நிறுத்திய சில நாளிலேயே நோய் சீறி எழுவது சிலரிடம் உண்டு.

வாட்ஸ்அப் வைத்தியம், வெளிநாட்டுப் பொட்டலம்

2022 ஜூனில் டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தால் 12 பேருக்கு மலக்குடல் கட்டி முற்றிலும் மறைந்தது உண்மை. அவர்கள் எல்லோருக்கும் டிஎன்ஏ பிழைதிருத்தும் 'எம்எம்ஆர்' புரதம் குறைபட்ட கட்டி. மலக்குடல் புற்றுநோயில் அது நூற்றுக்கு 5 முதல் 10 பேரிடம்தான். இந்தச் சேதியை வாட்ஸ்அப்பில் முன்னனுப்புவதற்குப் பதில் "எனக்கு எம்எம்ஆர் சோதனை செய்தாயிற்றா?" என்று கேட்டால் பலன் உண்டு.

விலை தாங்காமல் இணையத்தில் மலிவு மாத்திரை வாங்குவது புரிந்துகொள்ளக்கூடியது, ஆனாலும் ஆபத்து. பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராமும் இருக்க வேண்டும். எண் 'டி' (T) என்ற எழுத்தில் முடிந்தால் அது பாரம்பரிய மருந்து. புற்றுநோயைக் குணமாக்கும் என்று நிரூபித்ததாகப் பொருளல்ல. 1956ஆம் ஆண்டின் சட்டப்படி அப்படி விளம்பரம் செய்யவே கூடாது. பணத்துக்கு வேறு கதவுகளைத் தட்டலாம்: காப்பீட்டில் வெளிநோயாளி புற்றுநோய்ப் பிரிவில் மாத்திரையும் மரபணுச் சோதனையும் அடங்குமா, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மருத்துவ மீட்பு கிடைக்குமா, குறைந்த வருமானத்தினருக்கான அரசு சுகாதாரத் திட்டமான பேகா பி40க்குத் தகுதி இருக்கிறதா என்று மருத்துவமனைச் சமூகநலப் பிரிவில் சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள். புதிய மருந்துக்கான ஆய்வில் சேர அழைத்தால் ஆய்வு மருந்துக்கு உங்களிடம் பணம் வாங்க மாட்டார்கள். வாங்கினால், ஒப்புதல் படிவத்தில் நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.