மூளைத் தூண்டல் பெற்றவரிடம் வினைச்சொல் திறனைச் சோதிப்பது எப்படி?

பார்க்கின்சன் நோயில் பொருளின் பெயரைவிடச் செயலின் பெயர் தாமதமாக வருவதுண்டு. 'கத்தரிக்கோல்' சட்டென வரும், 'வெட்டுகிறார்' தயங்கும். ஆழ்மூளைத் தூண்டல் (மூளைக்குள் பொருத்திய மின்முனை வழியே ஒரு கருவி மின்துடிப்பு தரும் சிகிச்சை) இதை மாற்றுகிறதா என்று பார்க்க, ஒரே நபரைக் கருவி இயங்கும்போதும் நிறுத்திய பிறகும் சோதிக்க வேண்டும்.

முதலில் படங்கள். செயல் 30, பொருள் 30 போதும். இரு தொகுதிகளும் சொல்லின் புழக்கம், நீளம், படத்தின் சிக்கல் ஆகியவற்றில் சமமாக இருக்கட்டும். இல்லையெனில் கிடைக்கும் வேறுபாடு எதனுடையது என்றே தெரியாது. 'உதை', 'பிழி' போன்ற உடலசைவு வினைகளோடு 'நினை', 'நம்பு' போன்றவற்றையும் ஒப்பிட விரும்பினால் படம் உதவாது. எழுத்தில் காட்டி, உண்மைச் சொல்லா போலிச் சொல்லா என்று கேளுங்கள்.

கருவியை நரம்பியல் குழு மட்டுமே நிறுத்த வேண்டும். நடுக்கம் சில நிமிடங்களில் திரும்பிவிடும். உடல் விறைப்பும் நடைத் தடுமாற்றமும் முழுமையாக வெளிப்பட மணிக்கணக்காகும். அவசரப்பட்டால் பாதி விளைவைத்தான் அளப்பீர்கள். அதிர்வெண் (வழக்கமாக 130 ஹெர்ட்ஸ் அளவில்), துடிப்பு அகலம் (ஒவ்வொரு மின்துடிப்பும் நீடிக்கும் நேரம்), மருந்து உண்ட நேரம் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். பாதிப் பேருக்கு இயக்க நிலை முதலில், மீதிப் பேருக்கு நிறுத்த நிலை முதலில். இல்லாவிட்டால் பழக்கமே முன்னேற்றமாகத் தெரியும்.

நம்மை ஏமாற்றும் பெரிய கண்ணி எதிர்வினை நேரம், அதாவது படமோ சொல்லோ தோன்றியதிலிருந்து பதில் வரும் வரையான நேரம். தூண்டல் கையை வேகப்படுத்தும், சிலருக்குப் பேச்சைக் குழப்பும். ஆகவே செயலுக்கும் பொருளுக்கும் இடையிலான வேறுபாட்டையே ஒப்பிடுங்கள். சொல்வளச் சோதனையில் (குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை அதிகச் சொற்களைச் சொல்வது) காணும் சரிவுக்கு மின்முனை பொருத்திய அறுவையும் காரணமாகலாம்; அறுவைக்கு முந்தைய மதிப்பெண் இல்லாமல் தூண்டலைக் குற்றம் சொல்ல வேண்டாம்.