சிஎஸ்50: முதல் இரண்டு வாரத்தைத் தாண்டுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் மெட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதி முடித்த கையோடு வந்து, "ஆன்ட்டி, பிப்ரவரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரலாமா, எனக்கு ஒத்துவருமா?" என்று கேட்டாள். ஹார்வர்டின் சிஎஸ்50 பாடத்தை டிசம்பர் விடுமுறையில் இரண்டு வாரம் செய்து பார், அதிலேயே தெரிந்துவிடும் என்றேன். டேவிட் மாலன் நடத்தும் அந்த அறிமுகப் பாடத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். கணக்கு எழுதும் வேலையில் இருக்கும் நானே தட்டுத்தடுமாறி முடித்தேன். அவளுக்குச் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

பாடம் வாரம் 0-இல் தொடங்குகிறது. அதில், கட்டங்களை இழுத்து ஒட்டி நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) செய்யும் ஸ்க்ராட்ச். குழந்தை விளையாட்டு என்று நினைத்து நான் தாண்டிப் போனேன். வாரம் 1-இல் சி என்ற நிரல்மொழியின் லூப் (ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) வந்து மண்டையில் குட்டியதும் ஸ்க்ராட்சுக்கே திரும்பி வந்தேன். தாண்டாதீர்கள். ஒரு பூனையைப் பத்துமுறை குதிக்க வைத்தால் போதும், பாதி லூப் புரிந்துவிடும்.

அடுத்து, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு கணக்கு தொடங்கிக்கொண்டு, அதை வைத்து சிஎஸ்50 டாட் டெவ் (cs50.dev) தளத்தில் நுழையுங்கள். உலாவிக்குள்ளேயே இடப்பக்கம் ஃபைல்கள், மேலே எழுதுமிடம், கீழே கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் என்று விரியும். உங்கள் கணினியில் கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி) எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸில் நிறுவியே தீருவேன் என்று ஒரு வார இறுதியை நான் தொலைத்தது போதும். இன்னொரு லாபமும் உண்டு: எழுதுவது அங்கே இணையத்திலேயே சேமிப்பாகிவிடும். நடுவில் மின்சாரம் போனால், வந்தபிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இனி நான் சிக்கிய இடத்துக்கு வருகிறேன்.

ஹலோ.சி என்ற ஃபைலில் "வணக்கம் டர்பன்" என்று அச்சிடும் நிரலை எழுதினேன். டெர்மினலில் மேக் ஹலோ (make hello) என்று அடித்து, பிறகு புள்ளி, சாய்கோடு, ஹலோ (./hello) என்று அடித்ததும் "வணக்கம் டர்பன்" வந்தது. ஒரே சந்தோஷம். சரி, ஊர்ப் பெயரை மாற்றுவோம் என்று டர்பனை அழித்துச் சாட்ஸ்வொர்த் என்று எழுதி ஓட்டினேன். மறுபடியும் "வணக்கம் டர்பன்". மேலே சாட்ஸ்வொர்த், கீழே டர்பன். உலாவியை மூடித் திறந்தேன், வெளியேறி மீண்டும் நுழைந்தேன், கணினியை அணைத்துப் போட்டேன். அரை மணி நேரம் போனது. டர்பன் நகரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். நாம் எழுதுவது ஹலோ.சி. கணினி ஓட்டுவதோ மேக் கட்டளை அதிலிருந்து செய்து வைத்த ஹலோ என்ற வேறொரு ஃபைல். எழுத்தைத் திருத்திவிட்டு மேக் போடாமல் ஓட்டினால், புது மாவு அரைத்து வைத்துக்கொண்டு நேற்றுச் சுட்ட தோசையைத் தின்கிற கதைதான். எல்எஸ் (ls) என்று அடித்துப் பாருங்கள், இரண்டு பெயரும் தனித்தனியாக வரிசையில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு முதலில் மேக், அப்புறம்தான் ஓட்டம். கைப்பழக்கமாகும் வரை ஒரு சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டி வைத்திருந்தேன்.

மேக் போட்டதும் "நோ ரூல் டு மேக் டார்கெட்" என்று திட்டினால் நிரலைக் குடையாதீர்கள். பெரும்பாலும் நீங்கள் வேறு ஃபோல்டரில் நிற்பீர்கள். டெர்மினலில் டாலர் குறிக்கு முன்னால் ஃபோல்டர் பெயர் இருக்கும், பாருங்கள். சிடி (cd) கட்டளையால் சரியான ஃபோல்டருக்குப் போய்விட்டு மறுபடி போடுங்கள்.

வாரம் 1-இல் மாரியோ என்றொரு பயிற்சிக் கணக்கு உண்டு, # குறிகளால் படிக்கட்டு கட்ட வேண்டும். விடையை இங்கே சொல்ல மாட்டேன், பாடத்தின் நேர்மை விதி அதை அனுமதிக்காது. ஆனால் கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பழகியவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். காகிதத்தில் நான்கு வரி போட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே எத்தனை வெற்றிடம், எத்தனை # என்று எண்ணி எழுதுங்கள். எண்கள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று பார்த்த பிறகு விசைப்பலகையைத் தொடுங்கள். இதற்கு எந்தச் செயலியையும்விட நோட்டும் பென்சிலுமே எனக்குப் பிடிக்கும். மாட்டிக்கொண்டால் பாடத்தோடு அவர்களே தரும் வாத்து என்ற ஏஐ உதவியாளரிடம் கேட்கலாம், அது அனுமதிக்கப்பட்டது. சாட்ஜிபிடியிடம் போகக் கூடாது.

முடித்ததும் செக்50 கட்டளையால் சோதியுங்கள். சரியென்றால் பச்சை நிறத்தில் சிரிப்பு முகம், தப்பென்றால் சிவப்பில் அழுமூஞ்சி. அது மாமியார் கண். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஹலோ கணக்கில் எல்லாம் சரியாக இருந்தும் சிவப்பு விழுந்தது. ஹலோவுக்குப் பிறகு ஒரு காற்புள்ளியைப் போடாமல் விட்டிருந்தாள், அவ்வளவுதான். திருத்தினாள், உடனே செக்50 போட்டாள் (அது தானே புதிதாக மேக் செய்துகொள்ளும்), பச்சை வந்தது. பிறகு சப்மிட்50 போட்டு அனுப்பினாள்.

பின்சேர்க்கை 1: வாட்ஸப்பிலும் வேர்டிலும் குறிப்பெடுத்து, அங்கிருந்து வெட்டி ஒட்டிய இரண்டு பேருக்கு மேக் முரண்டு பிடித்திருக்கிறது. வேர்டு மேற்கோள் குறிகளை வளைத்து அழகுபடுத்தி வைக்கும். சி மொழிக்கு நேரான குறிதான் புரியும். அந்தக் குறிகளை அழித்து அங்கேயே கையால் அடியுங்கள்.

பின்சேர்க்கை 2: விரிவுரைகள் நீளமானவை, சில இரண்டு மணி நேரத்தையும் தாண்டும். டேட்டா தீர்ந்துவிடுகிறது என்பவர்கள் யூடியூபில் தெளிவைக் குறைத்துக்கொள்ளுங்கள். எழுத்து பெரிதாகத்தான் இருக்கும், ஒன்றும் குடிமுழுகாது.

பின்சேர்க்கை 3: கெடு நேரம் ஹார்வர்டு இருக்கும் பாஸ்டன் பக்கத்து நேரப்படி குறிக்கப்பட்டிருந்தால் பதற வேண்டாம். அவர்களுடைய குளிர்காலத்தில் அவர்களைவிட நாம் 7 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே டிசம்பர் 31 இரவு 11:59 என்றால் டர்பனில் ஜனவரி 1 காலை 6:59. புத்தாண்டு விருந்தில் உட்கார்ந்துவிட்டு விடியற்காலையில் எழுந்தும் அனுப்பலாம், நான் அப்படித்தான் அனுப்பினேன்.