விண்வெளி ரிலே சேவையை விலைக்கு வாங்கும்போது அரசுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாழ்வான சுற்றுப்பாதையில் செல்லும் ஒரு விண்கலம் ஒரு தரைநிலையத்தின் பார்வையில் சில நிமிடங்களே இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பவே, சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விண்கலங்களின் தரவை வாங்கிப் பூமிக்கு அனுப்பும் டிடிஆர்எஸ் ரிலே செயற்கைக்கோள்களை நாசா 1983 முதல் 2017 வரை ஏவிவந்தது. அந்த வரிசையில் இனிப் புதியவை கட்டப்படப் போவதில்லை; அந்த வேலையைத் தனியார் நிறுவனங்களிடமிருந்து சேவையாக வாங்குவதே திட்டம். 2022 ஏப்ரலில் இன்மார்சாட், கைப்பர், எஸ்இஎஸ், ஸ்பேஸ்எக்ஸ், டெலிசாட், வயாசாட் ஆகிய 6 நிறுவனங்களுடன் மொத்தம் 27.85 கோடி டாலருக்கு நாசா உடன்பாடு செய்துகொண்டது. வணிகச் சேவைகள் விண்கலங்களுக்குப் பயன்படுமா என்பதைச் சுற்றுப்பாதையிலேயே செய்துகாட்டுவது அவற்றின் பொறுப்பு. இந்த வழியில் செல்ல விரும்பும் எந்த அரசும் தடுமாறக்கூடிய இடங்கள் சில உள்ளன.

முதலாவதும் பெரியதுமான தவறு, பழைய அமைப்பின் தொழில்நுட்ப விவரங்களையே ஒப்பந்தப்புள்ளியில் நகலெடுப்பது. இத்தனை மீட்டர் ஆன்டெனா, இந்தச் சுற்றுப்பாதை, தரவை அலையில் ஏற்றும் இந்த முறை (பண்பேற்றம்) என்று எழுதினால், சந்தையில் ஏற்கெனவே இருக்கும் சேவையை வாங்குவதற்குப் பதிலாக, அரசுக்கென்றே தனியாக ஒரு டிடிஆர்எஸ்ஸைக் கட்டித்தரச் சொல்கிறோம். செலவு குறையும் என்ற நோக்கமே அங்கே அடிபட்டுப்போகிறது. எழுத வேண்டியது தேவையைத்தான்: ஏவுதலின்போது தொடர்பு அறாமல் இருக்க வேண்டுமா, அன்றாட அறிவியல் தரவு எத்தனை மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும், விண்கலம் கட்டுப்பாடிழந்து சுழலும்போது குறைந்த வேகத்திலாவது கட்டளை போய்ச் சேர வேண்டுமா என்பவற்றை. மேற்கண்ட ஆறில் கைப்பரும் ஸ்பேஸ்எக்ஸும் தாழ்சுற்றுப்பாதை லேசரையும், இன்மார்சாட் புவிநிலைப் பாதையிலிருந்து (டிடிஆர்எஸ் இருக்கும் அதே உயரம்) குறைவேக ரேடியோத் தொடர்பையும் முன்வைத்தன. இவ்வளவு வேறுபட்ட வழிகள் போட்டியிட முடிந்ததே, தேவையை வெவ்வேறு பயன்பாட்டுச் சூழல்களாகப் பிரித்துக் கேட்டதால்தான்.

சேவைப் பரப்பைத் தரைவழி வாடிக்கையாளரின் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்வது அடுத்த தவறு. வணிகச் செயற்கைக்கோள் குவித்து அனுப்பும் ரேடியோ அலைக் கற்றைகள் பூமியின் பரப்பை நோக்கி வடிவமைக்கப்பட்டவை. பல கற்றைகள் சேர்ந்து தரையை இடைவெளியின்றி மூடினாலும், உயரே செல்லச் செல்ல அவற்றுக்கிடையே வெற்றிடம் விழும். தரைமுனையம் (தரையில் சமிக்ஞையை வாங்கி அனுப்பும் கருவி) அசையாமல் இருக்க, விண்கலமோ நொடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கற்றையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும். ஆகவே விண்கலம் பறக்கும் உயரத்தையும், அதன் பாதை பூமத்திய ரேகைக்குச் சாய்ந்திருக்கும் கோணத்தையும் கொடுத்து, அந்தப் பாதையில் கிடைக்கும் தொடர்பு நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டும்படி கேட்க வேண்டும்.

தொடர்பு கிடைக்கும் விகிதத்தை மாதச் சராசரியாக மட்டும் ஒப்பந்தத்தில் எழுதுவதும் ஆபத்தானது. 99.9 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கும். 30 நாளில் 43 நிமிடம் தொடர்பு அறுந்தாலும் நிறுவனம் தன் வாக்கைக் காப்பாற்றியதாகவே ஆகும். அந்த 43 நிமிடமும் ஒரு பாதை மாற்றத்தின்போதோ, மனிதர்கள் பயணிக்கும் கலத்தில் அவசரநிலை வந்தபோதோ விழுந்துவிட்டால், கட்டணத்தில் கழிவு கொடுத்து அதை ஈடுசெய்ய முடியாது. முக்கிய நிகழ்வுகளுக்கு முன்னுரிமை யாருக்கு, பல லட்சம் இணைய வாடிக்கையாளர்களுடன் அரசின் கலமும் வரிசையில் நிற்க வேண்டுமா என்பதைத் தனி விதியாகவே எழுத வேண்டும்.

அலைவரிசை உரிமத்தை நிறுவனத்தின் பொறுப்பு என்று ஒதுக்கிவிடுவோரும் உண்டு. தரைநிலையங்களுக்கென ஒதுக்கப்பட்ட பட்டைகளில் ஒரு விண்கலம் மேல்நோக்கிப் பேசுவது சர்வதேச விதிகளின்படி வேறு வகைப் பயன்பாடு. 27.5 முதல் 30 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இத்தகைய இணைப்புக்கு 2023 இறுதியில் துபாயில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாட்டில்தான், நிபந்தனைகளோடு, இடம் கிடைத்தது. உரிம வேலையை விண்கல வடிவமைப்புடன் சேர்த்தே தொடங்காவிட்டால், எல்லாம் தயாரான பிறகு அனுமதிக்காகக் காத்திருக்க நேரும்.

ஒரே நிறுவனத்தின் மொழி மட்டும் பேசும் முனையத்தைப் பொருத்துவதை நான் மிகவும் அஞ்சுகிறேன். ஏவிய பின் அதைக் கழற்றி மாற்ற முடியாது, நிறுவனமோ மாறிவிடலாம். 2022-இல் தனித்தனியே தேர்வான இன்மார்சாட்டும் வயாசாட்டும் 2023 மே மாதமே ஒன்றாயின. இதற்காகத்தான் அரசின் ரிலேயிலும் வெவ்வேறு வணிக வலையமைப்புகளிலும் மாறிமாறி இணையக்கூடிய பன்மொழி முனையம் ஒன்றை நாசா 2025-இல் ஏவிச் சோதிக்கத் தொடங்கியது. உரிமை கைமாறினால் சேவை தொடரும் காலம், விலகும்போது தரவைத் தர வேண்டிய முறை ஆகியவை கையெழுத்துக்கு முன்பே முடிவாக வேண்டியவை.

பழையதை அணைக்கும் நாளையும் புதியதைத் தொடங்கும் நாளையும் ஒன்றாக வைப்பது கடைசித் தவறு. 2024 நவம்பர் 8 முதல் டிடிஆர்எஸ் புதிய திட்டங்களை ஏற்பதில்லை. ஆனால் ஹபிள் தொலைநோக்கி போன்ற பழைய பயனர்களுக்கு அது தொடர்ந்து சேவை தருகிறது, ஏனெனில் அவற்றில் இருக்கும் ரேடியோ டிடிஆர்எஸ்ஸுடன் பேசவே செய்யப்பட்டது. இப்படிப்பட்ட கலங்கள் ஓயும்வரை பழைய அமைப்பைப் பராமரிக்கும் செலவும் புதிய சேவையின் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும்.