இருபது பேராக ஓட்டலுக்குப் போகும்போது சொதப்புவது எங்கே?

ஆபீஸ் ட்ரீட்டோ, காலேஜ் கூட்டமோ, 15 பேரைத் தாண்டிவிட்டால் சென்னையில் நாம் போய் நிற்பது பெரும்பாலும் ஏரியாவிலேயே இருக்கும் ஏசி ரெஸ்டாரண்டிலோ பாரோடு சேர்ந்த ஓட்டலிலோதான். சாப்பாடு நன்றாகவே இருக்கும். ஆனாலும் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்புவார்கள், பழி மட்டும் ஓட்டல்காரர் தலையில்.

ஞாயிறு மதியம் 1 மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள். டேபிளைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் பக்கத்துப் பக்கத்து டேபிள்கள் ஒரே நேரத்தில் காலியாக வேண்டுமே! முதல் நாளே போன் போட்டு எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு, 12 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். "வரப் பார்க்கிறேன்" என்பவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பெரிய சொதப்பல் ஆர்டரில்தான். சின்ன ஓட்டலில் இருப்பது ஒரு தோசைக்கல், ஒரு தந்தூரி அடுப்பு, ஃப்ரைடு ரைஸுக்கு ஒன்றிரண்டு வாணலி, அவ்வளவுதான். ஒருவர் நெய் ரோஸ்ட், அடுத்தவர் பொடி தோசை, மூன்றாமவர் "வெங்காயம் போடாமல் ஒரு ஊத்தப்பம்" என்று ஆளுக்கொன்று சொன்னால் முதல் தோசை வந்தவர் கை கழுவப் போகும்போதுகூடக் கடைசி ஆளின் இலை காலியாகத்தான் கிடக்கும். பிரியாணி அப்படியில்லை, அண்டாவில் தயாராக இருக்கிறது, அள்ளிப் போட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடும். சிக்கன் 65-உம் ஒரே எண்ணெயில் நாலு பிளேட் சேர்த்துப் பொரித்துவிடக்கூடியதுதான். அதனால் நாலைந்து அயிட்டம் மட்டும் முடிவு செய்து, ஒவ்வொன்றிலும் நாலு நாலு பிளேட் சொல்லி, டேபிள் நெடுக வைக்கச் சொல்லுங்கள். நானை மொத்தமாகச் சொல்லாதீர்கள், ஆறிப்போனால் ரப்பர். சர்வரிடம் பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும், சைவக்காரர்கள் ஒரு ஓரமாகச் சேர்ந்து உட்காரட்டும். பார் என்றால் முதல் ரவுண்டோடு சாப்பாட்டையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கிச்சன் மூடும் நேரத்தில்தான் எல்லோருக்கும் பசிக்கும்.

அப்புறம் பில். சாதாரண ரெஸ்டாரண்ட் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5%. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, வாட் வரிதான். ஆகவே இரண்டையும் தனித்தனி பில்லாகவே போடச் சொல்லுங்கள், வெறும் லைம் சோடா குடித்தவர் பீருக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம், அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022-இல் வந்த வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் உறுதி செய்துவிட்டது. அந்தப் பணத்தை ஓடி ஓடிப் பரிமாறியவர் கையிலேயே கொடுங்கள் என்பேன். பங்குப் பணத்தை எல்லோரும் எழுந்திருப்பதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும், "நைட் ஜிபே பண்ணிடறேன் மச்சி" என்பதெல்லாம் வராத கடன்.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, திருவள்ளுவர் தினம் போன்ற நாட்களில் தமிழ்நாட்டில் பார் கிடையாது, தேதி வைக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். 21 வயது ஆகாதவர்களுக்கு மது தரமாட்டார்கள், புதிதாகச் சேர்ந்த பசங்களை வற்புறுத்தாதீர்கள். குடிக்கப் போகிறவர்கள் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவிலோ மெட்ரோவிலோ வரட்டும். பிடிபட்டால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.