ஜெர்மனிக்கு நர்ஸா போகணுமா? ஏஜென்ட்டை தேடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

நர்சிங் முடிச்ச தம்பி தங்கச்சிங்க ஜெர்மனி பத்தி கேட்டாலே முதல் கேள்வி "எந்த ஏஜென்சி நல்ல ஏஜென்சி"ங்கறதுதான். அதை கடைசில கேளுங்க. முதல்ல மொழி, அடுத்து பேப்பர், அதுக்கப்புறம் தான் ஏஜென்சி, கான்ட்ராக்ட் எல்லாம். ஜெர்மன் மொழில ஏ1 தான் முதல் நிலை, அப்புறம் ஏ2, பி1, பி2ன்னு போகும்; கைல பி2 சர்ட்டிபிகேட் இருந்தா ஆஸ்பத்திரிக்காரங்க உங்கள தேடி வருவாங்க, ஏ1 கூட முடிக்காம கையெழுத்து போட்டுட்டா ஏஜென்ட் சொல்றதுக்கெல்லாம் தலையாட்ட வேண்டியதுதான்.

மொழி விஷயத்துல யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்க, "ஆறு மாசத்துல பி2, உடனே விசா"ன்னு போஸ்டர் ஒட்டுறாங்க, டூட்டி பாத்துக்கிட்டே படிக்கிறவங்களுக்கு அது நடக்காது, முழு நேரமா படிச்சாலே ஒரு வருஷம் பக்கத்துல ஆகிடும். நர்ஸ் உரிமம் கைல வர பெரும்பாலான மாநிலங்கள்ல பி2 கேக்குறாங்க. பி1ஓட கிளம்பி மிச்சத்த அங்க போய் முடிக்கிறவங்களும் நிறைய பேர், ஆனா ஷிஃப்ட் முடிச்சு வந்து ராத்திரி கிராமர் படிக்கிறது ரொம்ப கஷ்டம்ங்க, முடிஞ்சா இங்கயே முடிச்சிடுங்க. கோத்தே இன்ஸ்டிட்யூட் நடத்துற பி1, பி2 ஜெர்மன் பரீட்சைல படிக்கிறது, கேக்குறது, எழுதுறது, பேசுறதுன்னு நாலு பகுதி, ஒவ்வொண்ணுலயும் 100க்கு 60 எடுக்கணும், ஒண்ணுல போச்சுன்னா அத மட்டும் திரும்ப எழுதிக்கலாம். கோத்தே இன்ஸ்டிட்யூட்டுக்கு இங்க மாக்ஸ் முல்லர் பவன்னு பேரு, சென்னைல இருக்கற அங்க எக்ஸாம் தேதி சீக்கிரம் நிரம்பிடும், அதனால தயாராகுறதுக்கு முன்னாடியே தேதிய பாத்து வைங்க.

அடுத்தது பேப்பர். ஜி.என்.எம். டிப்ளமோ, பி.எஸ்சி. நர்சிங் படிச்ச ரெண்டு பேருமே போகலாம். டிகிரி இல்லன்னு ஜி.என்.எம். பிள்ளைங்க தயங்க வேண்டாம். நீங்க படிச்சத அங்கத்த படிப்போட ஒப்பிட்டு எதெல்லாம் குறையுதுன்னு ஒரு கடிதம் குடுப்பாங்க, டெஃபிசிட்பெஷைட்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் எல்லாம் அத வச்சுதான் நகரும். எந்த மாநிலத்துல வேலையோ அந்த மாநில ஆபீஸ்ல அப்ளை பண்ணணும், நார்த் ரைன் வெஸ்ட்பாலியான்னா முன்ஸ்டர்ல, பாடன் வூர்ட்டம்பெர்க்னா ஸ்டுட்கார்ட்ல. டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும்போது வெறும் மார்க் மட்டும் இருந்தா பத்தாது, எந்த வார்டுல எத்தனை மணி நேரம் கிளினிக்கல் போனீங்க, எந்த பாடம் எத்தனை மணி நேரம்னு பிரிச்சு போட்டு காலேஜ் சீலோட வேணும். நம்ம படிப்புல பெரும்பாலும் முதியோர் பராமரிப்பு மணி நேரம்தான் குறையும். நல்ல விஷயம் என்னன்னா அந்த குறைய வேலை அனுபவத்த காட்டி ஈடு கட்டலாம், அதனால எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல "ஸ்டாஃப் நர்ஸா வேலை பார்த்தார்"னு ஒத்த வரில வாங்கிட்டு வந்துடாதீங்க, எந்த வார்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலைன்னு எழுதி வாங்குங்க. வேலைய விட்டப்புறம் ஹெச்.ஆர். போன எடுக்கவே மாட்டாங்க, இருக்கும்போதே வாங்கிடுங்க. தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதி ஆகாம புதுப்பிச்சு வைங்க.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட பத்தி தனியா சொல்லியே ஆகணும். நம்ம ஊர் பிரைவேட் ஆஸ்பத்திரிங்க சிலது சேரும்போதே ஒரிஜினல வாங்கி லாக்கர்ல வச்சுக்குது, சில ஏஜென்ட்டுங்களும் "ட்ரான்ஸ்லேஷனுக்கு"ன்னு கேக்குறாங்க. மொழிபெயர்ப்புக்கு அட்டெஸ்ட் பண்ண காப்பியோ ஸ்கேனோ போதும், ஒரிஜினல் உங்க பீரோவ விட்டு போகவே கூடாது.

இப்ப ஏஜென்சிக்கு வருவோம். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிற எந்த ஏஜென்ட்டும் 1983 எமிக்ரேஷன் சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும், இமைக்ரேட் இணையதளத்துல பேர போட்டு பாத்துக்கலாம். உங்ககிட்ட வாங்கற சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தான், அதுக்கு மேல லட்சக்கணக்குல கேட்டா எழுந்து வந்துடுங்க. ஜெர்மனில செலவ ஆஸ்பத்திரியே ஏத்துக்கிற ஏற்பாடு இருக்கு, நர்ஸ்கிட்ட காசு வாங்காத ஏஜென்சிகளுக்குன்னே அரசு பின்னால நிக்கிற ஒரு முத்திரையும் இருக்கு, அது இருக்கான்னு கேளுங்க. நம்ம தமிழ்நாடு அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் சென்னைல இருக்கு, அவங்க அறிவிப்பையும் பாத்துக்கிட்டே இருங்க.

கான்ட்ராக்ட்ல நீங்க தேட வேண்டிய வரி, நடுவுல வேலைய விட்டா எவ்வளவு திருப்பி கட்டணும்ங்கறது. கோர்ஸ் ஃப்ரீ, டிக்கெட் ஃப்ரீன்னு சொல்லிட்டு மூணு வருஷம் அசையக்கூடாது, அசைஞ்சா பல ஆயிரம் யூரோன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. தொகை எவ்வளவு, மாசம் ஆக ஆக குறையுதா, படிப்புல குறையற பகுதிக்கு அங்க எழுதற கென்ட்னிஸ்ப்ரூஃபுங் பரீட்சைல ஃபெயிலானா என்ன, இதெல்லாம் எழுத்துல வாங்குங்க. உரிமம் வர்ற வரைக்கும் உதவியாளர் சம்பளம் தான் வரும்ங்கறதயும் தெரிஞ்சுக்கங்க. உரிமம் வந்தப்புறம் அரசுத்துறை சம்பள ஒப்பந்தப்படி (டாரிஃப்) குடுக்கிற ஆஸ்பத்திரில மாசம் 3,000 யூரோவுக்கு மேல, வரி, இன்சூரன்ஸ் பிடித்தம் போக சுமாரா மூணுல ரெண்டு பங்கு கைக்கு வரும். அதுல தான் வாடகையும்.

விசா பக்கம் ரொம்ப பயப்பட ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரி நெனச்சா ஃபாஸ்ட் ட்ராக் வழில போகலாம், 411 யூரோ ஃபீஸ், அவங்க ஊர் ஃபாரினர்ஸ் ஆபீஸ்ல அவங்களே ஆரம்பிச்சு வைக்கணும், இதுக்கு ரெடியான்னு இன்டர்வியூலயே கேளுங்க. நேஷனல் விசா ஃபீஸ் 75 யூரோ. அப்புறம் தட்டம்மை தடுப்பூசி ரெண்டு டோஸ் போட்டதுக்கோ, இல்லன்னா எதிர்ப்பு சக்தி இருக்குன்னோ சான்று கண்டிப்பா வேணும், 1970க்கு அப்புறம் பொறந்தவங்க யாரும் அது இல்லாம ஆஸ்பத்திரில வேலை பாக்க முடியாது. சின்ன வயசு கார்ட தேடி கிடைக்கலன்னா இங்கயே எம்.எம்.ஆர். போட்டு எழுதி வாங்கிடுங்க.

அந்த கடிதத்துல சொன்ன படிப்புக் குறைய நிரப்ப ரெண்டு வழி, ஒண்ணு அடாப்டேஷன் கோர்ஸ், இன்னொண்ணு கென்ட்னிஸ்ப்ரூஃபுங்ங்கற பரீட்சை. பரீட்சைல வாய்மொழியும் உண்டு, நெஜ பேஷன்ட்ட வச்சு செய்முறையும் உண்டு, ஃபெயிலானா ஒரு தடவ தான் திரும்ப எழுதலாம். நம்ம பிள்ளைங்க மாட்டுறது மருந்துலயோ ஊசிலயோ இல்ல, குளிப்பாட்டுறதுல. நம்மூர்ல பேஷன்ட் குளிக்கறது, சாப்பிடறது எல்லாம் ஆயாம்மாவும் சொந்தக்காரங்களும் பாத்துப்பாங்க, அங்க அது நர்சோட வேலை, ஆனா நாம தினமும் போடற ஐ.வி. லைன் அங்க பல ஆஸ்பத்திரில டாக்டர் வேலை. பேசின்ல வெந்நீர் எடுத்துட்டு போறீங்க, தண்ணி சூடு போதுமான்னு அந்த பாட்டிய தொட்டு பாக்க சொல்லணும், முகத்துக்கு சோப்பு வேணுமான்னு கேக்கணும், அவங்களால தானே முகம் தொடச்சுக்க முடியும்னா துணிய அவங்க கைல குடுத்துட்டு காத்துக்கிட்டு நிக்கணும். நாம பாசத்துல எல்லாத்தையும் நாமளே செஞ்சு முடிச்சிடுவோம், எக்ஸாமினர் அங்க தான் மார்க் குறைப்பாங்க. ஒவ்வொண்ணும் செய்யறதுக்கு முன்னாடி என்ன செய்யப் போறேன்னு ஜெர்மன்ல வாய்விட்டு சொல்லி பழகுங்க, வீட்ல தங்கச்சிய பேஷன்ட்டா உக்கார வச்சாவது பழகுங்க.

வார்டுல ஒரு விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. சார்ட்ல ஆர்.ஆர்.னு எழுதியிருந்தா நமக்கு மூச்சு எண்ணிக்கை, அங்க அது ரத்த அழுத்தம். 1,5ன்னா ஒண்ணரை, 1.000ன்னா ஆயிரம், புள்ளியும் கமாவும் நமக்கு தலைகீழ், டோஸ் கணக்கு போடும்போது இத மனசுல வைங்க. ஹேண்டோவர்ல நைட் நர்ஸ் மூச்சு விடாம பேசிட்டு போவாங்க, பாதி சுருக்கெழுத்து, புரியலன்னா அங்கயே நிறுத்தி கேளுங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க, புரிஞ்ச மாதிரி தலையாட்டுறத தான் தப்பா நெனைப்பாங்க.

கல்யாணம் ஆனவங்க வீட்டுக்காரரையும் இப்பவே ஏ1 படிக்க சொல்லுங்க, பின்னாடி அவர கூப்பிடும்போது பெரும்பாலும் அது கேப்பாங்க. உரிமம் கைக்கு வந்த அன்னைக்கே அதோட காப்பிய ஆஸ்பத்திரி சம்பள ஆபீஸ்ல குடுத்து எந்த தேதில இருந்து முழு சம்பளம்னு எழுதி வாங்கிட்டு, ரெசிடென்ஸ் பெர்மிட்ட முழு நர்சுக்கான சட்டப்பிரிவு 18ஏக்கு மாத்த அப்பாயின்ட்மென்ட் போட்டுடுங்க, அது தானா மாறாது.